விண்டோஸ் 11-க்கு மாறுமுன் பார்க்க வேண்டியவை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினி, ஆடிட்டர் அலுவலகம், இ-சேவை மையம், அச்சகம் என எங்கு பார்த்தாலும் பத்தாண்டுக் காலம் ஓடிய இயங்குதளம் அது. கணினிப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் அதன்பின் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது, அதற்கு அடுத்த பதிப்பான பதினொன்றுக்கு மாறிவிடலாமா, இதையே ஓட்டலாமா என்பதைத்தான். ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது, அதனோடு என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன, அது இணையத்தில் இருக்கிறதா என்பவற்றைக் கேட்காமல் விடை சொல்பவர் பெரும்பாலும் எதையாவது விற்பவராகவே இருப்பார்.

ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளில்லை. நேற்று எப்படி இயங்கியதோ அப்படியே இன்றும் இயங்கும். நின்றுபோவது, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அந்த நிறுவனம் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. பத்தும் பதினொன்றும் பெருமளவு ஒரே நிரல்களைப் பகிர்ந்துகொள்பவை ஆதலால், பதினொன்றில் ஒரு குறையைச் சரிசெய்ய வெளியாகும் திருத்தமே, பத்தில் அதே குறை எங்கே இருக்கிறது என்பதைத் திருடனுக்குக் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். எனவே ஆபத்து ஒரே நாளில் வருவதில்லை; மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறது.

ஆனால் இதில் பலர் கவனிக்காத மறுபக்கம் ஒன்றும் உண்டு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளைக்கூட நிலைகுலையச் செய்த வான்னாக்ரை என்ற பிணைப்பண வைரஸ், எக்ஸ்பி போன்ற காலாவதியான இயங்குதளங்களால்தான் பரவியது என்று இன்றும் சொல்லப்படுகிறது. உண்மையில், அதில் அகப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பான்மையானவை விண்டோஸ் 7-இல் இயங்கியவை. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது, தேவையான திருத்தமும் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வெளியாகியிருந்தது. அதை நிறுவிக்கொள்ளாததுதான் வினையாயிற்று. "அப்டேட் வந்தாலே கணினி மெதுவாகிறது" என்று சொல்லி அதை முடக்கிவைத்திருக்கும் கடைக்காரர், பதினொன்றுக்கு மாறிய பிறகும் அதே பழக்கத்தைத் தொடர்வாரானால், அவர் செலவழித்த பணத்தால் அவருக்குப் பாதுகாப்பு ஏதும் கூடப்போவதில்லை.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கான வைரஸ் விவரப் புதுப்பிப்புகள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பது உண்மைதான். ஆயினும் தடுப்பு மென்பொருள் உள்ளே வருபவனை அடையாளம் காண முயலுமே தவிர, அவன் நுழையும் ஓட்டையை அடைக்காது.

பெரிய நிறுவனங்களும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத் தள்ளிப்போடுபவைதாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. அதன் பின்னும் ஏ.டி.எம். இயந்திரங்கள் பல அதிலேயே ஓடிக்கொண்டிருந்ததால், 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பி, ஆதரவு தீர்ந்த இயங்குதளங்களில் உள்ள ஏ.டி.எம்.களைக் கட்டம் கட்டமாக, 2019 ஜூனுக்குள் முழுவதுமாக மாற்றியாக வேண்டும் என்று வங்கிகளுக்குக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

இப்போது நம் மேசைக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் கணினி பதினொன்றை ஏற்குமா என்பது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பான தொடக்கத்துக்கு இடந்தரும் யூ.இ.எஃப்.ஐ. என்ற கணினித் தொடக்க முறை, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவற்றோடு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையும் அவற்றுக்குப் பிந்தையவையும் வேண்டும் என்பது நிபந்தனை. இன்டெல்லின் எட்டாம் தலைமுறை 2017-இல் வந்தது. ஆகவே அதற்கு முன் வாங்கிய கணினி, எவ்வளவு நன்றாக ஓடினாலும், பெரும்பாலும் தகுதி பெறாது. மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருள் இதைச் சோதித்துச் சொல்லும். "இல்லை" என்று அது சொன்ன உடனே புதிய கணினிக்கு விலை விசாரிக்கப் புறப்பட வேண்டாம். செயலி தகுதியானதாக இருந்தும், டி.பி.எம். வசதி மதர்போர்டின் பயாஸில், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலில், அணைத்து வைக்கப்பட்டிருந்தால் அதே விடைதான் வரும். இன்டெல் பலகைகளில் அது பி.டி.டி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி. பலகைகளில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள்.

குறைந்தபட்சம் 4 ஜி.பி. என்பது காகிதத்துக்கான கணக்கு. உலாவியில் நான்கு பக்கங்களும் ஓர் எக்செல் கோப்பும் திறந்திருக்கும் ஒரு சாதாரண மேசைக்கு 8 ஜி.பி. வேண்டும், சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யும் வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் பதினொன்றை நிறுவிக்கொடுப்பவர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை என்பேன். சொல்லப்போனால், கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக இயங்குதளத்தை மாற்ற நினைப்பவர்களில் பலருக்கு வேண்டியது ஓர் எஸ்.எஸ்.டி. மட்டுமே.

கணினியைவிட முக்கியம், அதனோடு ஒட்டியிருப்பவை. ஆடிட்டர் அலுவலகத்தில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவி, கடையில் பில் பிரிண்டர், பார்கோடு படிப்பான் ஆகியவை ஒவ்வொன்றுக்கும் அதைக் கணினியோடு பேசவைக்கும் ஒரு டிரைவர் மென்பொருள் தேவை. 32 பிட், 64 பிட் என்பவை செயலி ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவைக் குறிப்பவை. விண்டோஸ் 10 இன்னும் 32 பிட் வடிவிலும் இருக்கிறது. பதினொன்று 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட் டிரைவர் 64 பிட் இயங்குதளத்தில் வேலை செய்யாது. உங்கள் கணினியில் இப்போது இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் அப்படியே மேலேற்றவும் முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். கருவியின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் பதினொன்றுக்கான டிரைவர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

எல்லாவற்றையும்விட நிதானம் வேண்டிய இடம் டி.டி.பி. கடைதான். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் வடிவமைக்கும் கடைகள் சிலவற்றில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை நடக்கிறது. அந்த மென்பொருளின் கடைசிப் பெரும்பதிப்பான 7.0 வெளியானது 2001-இல். அதை இன்னும் விடாததற்குப் பிடிவாதம் காரணமல்ல. அந்தக் கடைக்காரரின் முதலீடு முழுவதும் அவர் சேர்த்துவைத்த பழைய கோப்புகளில் இருக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடு பரவுவதற்கு முன்பு, ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் ஆங்கில எழுத்துக்கும் குறியீட்டுக்கும் உரிய இடங்களில் தன் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை வைத்துக்கொண்டது. அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்தால், "நிகழும் மங்களகரமான" என்று தொடங்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் குவிந்து கிடக்கும். எழுத்துருவை நிறுவினால் அது சரியாகிவிடும். ஆனால் அந்த எழுத்துருத் தொகுப்போடு வந்த விசைப்பலகை மென்பொருள், பழைய பிரிண்டர் வாயிலில் செருகும் உரிமப் பூட்டு, 16 பிட் காலத்து நிறுவல் நிரல் ஆகியவை புதிய இயங்குதளத்தில் எழுந்து நிற்குமா என்பதுதான் கேள்வி. 64 பிட் விண்டோஸ் எதுவும் 16 பிட் நிரலை ஓட்டாது.

இத்தகைய கடைக்கு நான் சொல்வது, அந்தக் கணினியை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடுங்கள் என்பதே. வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படமும் மின்னஞ்சலும் வேறொரு புதிய கணினிக்கு வரட்டும். பழையது எழுத்துக் கோக்கும் வேலையை மட்டும் பார்க்கட்டும். இரண்டுக்கும் இடையே போய்வரும் பென் டிரைவ்தான் அங்கே மிஞ்சும் ஒரே வாசல் என்பதால், அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்து வாங்கக் கூடாது. இதற்கிடையில், அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றத் தொடங்குங்கள். மாற்றிக்கொடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. ஆனால் பழைய முறைகளில் கொம்பு எழுத்துக்கு முன்னும், யுனிகோடில் அதன் பின்னும் சேமிக்கப்படுவதால், ஒகர ஓகார எழுத்துகளில் பிழை நேர இடமுண்டு. மணமகன் பெயரையாவது இரண்டு முறை படித்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

யுனிகோடில் எழுதுபவர்களுக்குக் கவலை குறைவு. தமிழ்99 விசைப்பலகை பதினொன்றிலேயே இருக்கிறது. பழைய லதா எழுத்துருவில் அமைத்த அலுவலகக் கடிதம் புதிய கணினியில் வரி மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். அந்த எழுத்துரு விண்டோஸ் அமைப்புகளின் விருப்பக் கூறுகளில் (ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்) துணைத் தொகுப்பாக வைக்கப்பட்டிருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும். தட்டச்சு இயந்திர முறையில் விரல் பழகியவர்கள் மட்டும், தாங்கள் பயன்படுத்தும் தட்டச்சு மென்பொருள் அங்கே இயங்குகிறதா என்பதை வேறொருவர் கணினியில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

தகுதி இல்லாத கணினி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? தனிப்பட்ட பயன்பாட்டாளர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் என்ற ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குத் திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்புப்படி எடுக்கச் சம்மதிப்பவர்களுக்கு அது இலவசம். இல்லையேல் 30 டாலர், அல்லது அந்நிறுவனத்தின் பரிசுப் புள்ளிகள் ஆயிரம். அந்த அவகாசத்தை இப்படி வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை.

நிபந்தனைகளை ஏமாற்றி, தகுதியில்லாத கணினியிலும் பதினொன்றை ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அது ஓடவும் செய்யும். ஆனால் அத்தகைய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதியளிக்கவில்லை. திருத்தம் நின்றுவிட்டதே என்பதற்காக மாறுபவர், திருத்தம் நிச்சயமில்லாத இடத்துக்குப் போவதில் என்ன பொருள்? வீட்டில் சோதித்துப் பார்க்கச் செய்யலாம், கணக்கு வழக்கு இருக்கும் கணினியில் வேண்டாம்.

இணையம் பார்ப்பதற்கும், பாடம் படிப்பதற்கும், கடிதம் எழுதுவதற்கும் மட்டுமே பயன்படும் பழைய கணினி என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத் துணிந்து பரிந்துரைப்பேன். அதன் ஒரு வடிவமான உபுண்டுவின், 2024-இல் வந்த 24.04 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதன் அடிப்படையில் அமைந்த லினக்ஸ் மின்ட் 22, விண்டோஸுக்குப் பழகிய கைக்கு எளிதாக இருக்கும். லினக்ஸ் நமக்கு அந்நியமும் அல்ல. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. அதை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காத மாணவர்கள் ஏராளம் என்பது வேறு கதை.

இவ்வளவையும் பார்த்த பின் மாறுவது என்று முடிவெடுத்தவர்கள், முதலில் கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படியெடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப்படி இருந்தும் இல்லாததற்குச் சமம். பிறகு, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், வட்டு முழுவதும், சாவியின்றிப் படிக்க முடியாதபடி, தானாகவே மறையாக்கம் செய்யப்படும் என்பதை நினைவில் வையுங்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாளை மதர்போர்டு பழுதாகி வட்டைக் கழற்றும்போது, 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கணினி கேட்கும். அந்த எண் நீங்கள் நுழைந்த கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். நிறுவிக்கொடுத்த கடைப் பையன் தன் கணக்கில் நுழைந்து நிறுவியிருந்தால், உங்கள் கோப்புகளின் சாவி அவனிடம் இருக்கும். கணக்கு உங்களுடையதா என்று அன்றைக்கே பாருங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

பத்திலிருந்து நேராக மேலேறியவர்களுக்கு, பிடிக்கவில்லை என்றால் திரும்பிப்போகப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பிரிண்டர், டோக்கன், தட்டச்சு என எல்லாவற்றையும் ஒரு முறை இயக்கிப் பார்த்துவிட வேண்டும். எனவே அந்தப் பத்து நாள் வேலை நெருக்கம் இல்லாத நாளாக இருக்கட்டும். ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்கும் வாரத்தில் ஆடிட்டர் அலுவலகம் இதைத் தொடக் கூடாது. பத்திரிகை அச்சடிப்பவர்கள் முகூர்த்தமே இல்லாத ஆடி மாதத்தில் செய்யலாம். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், நீட்டிப்புத் திட்டத்தின் 2026 அக்டோபர் கெடுவுக்கு அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சமிருக்கும்.

நன்றி, வணக்கம்.