மேலே வந்த பிறகும் ஓயாத கடல்

நேயர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் மற்றக் கரையோரங்களிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் போகிற சுழியோடிகளை மனதில் வைத்து, ஆழத்தில் இழுக்கிற காற்று உடம்புக்குள் என்ன செய்கிறது என்றுதான் இன்றைக்குக் கதைக்கப்போகிறேன்.

முதலில் ஒரு விசயம். எங்கே போனாலும் இதைச் சொல்லாமல் வரமாட்டேன், என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். முதுகிலே கட்டிக்கொண்டு போகிற சிலிண்டருக்குள் இருப்பது தனி ஒட்சிசன் இல்லை. நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கிற இதே காற்றுத்தான், அமுக்கி அடைத்தது. அதில் ஒட்சிசன் 21 வீதம், மிச்சம் பெரும்பாலும் நைதரசன். "அப்ப தனி ஒட்சிசனையே அடைச்சால் இன்னும் நல்லதுதானே டொக்டர்?" என்று ஒரு பொடியன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் கூடிய அமுக்கத்தில் ஒட்சிசன் நஞ்சாகும், வலிப்பையே வரவழைக்கும். பிரான்சு நாட்டு விஞ்ஞானி போல் பேர் 1878இலேயே இதை எழுதிவைத்துவிட்டார்.

ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் கரையிலே இருக்கிற அளவு அமுக்கம் ஒருமுறை கூடும். 30 மீற்றரில் நான்கு மடங்கு. அங்கே சாதாரணக் காற்றை இழுப்பது, கரையில் இருந்துகொண்டு 84 வீத ஒட்சிசனை இழுப்பதற்குச் சமம். வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுக்கிறதே, அதுவும் ஒட்சிசனின் வேலைதான். உடம்புக்குள் ஒட்சிசன் மிஞ்சினால் அதன் முரட்டு வடிவங்கள் பெருகி, இரத்தக் குழாயின் உட்சுவரைத் தாக்கும். அவற்றை அடக்க எங்களிடம் நொதியங்கள் உண்டு. அவை ஈடுகொடுக்க முடியாத நிலையைத்தான் ஒட்சியேற்றத் தகைப்பு என்கிறோம்.

இதோடு, ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன் மேலே வரும்போது நுண்குமிழிகளாகி அதே சுவரை உரசும். வெண்குழியங்கள் விழித்துக்கொள்ளும், அழற்சி தொடங்கும். கவனியுங்கோ, இது விதிப்படி மெதுவாக மேலே வந்தவருக்கும் நடக்கும். வலி இல்லை, வாதம் இல்லை, ஆள் சுகம். ஆனால் கைநாடியை ஸ்கான் பண்ணிப் பார்த்த ஆய்வுகளில், முழுகி வந்த பிறகு குழாய் வழக்கம்போல விரிந்துகொடுக்கவில்லை. "சும்மா உடம்பு உளைவு" என்று சொல்லுகிற அலுப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மன்னாரில் அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி முத்துக் குளித்தார்களே, அது வேறு கதை. அங்கே அடக்கிய மூச்சில் இருக்கிற ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும், மேலே வந்து மூச்செடுத்ததும் திடீரென்று ஏறும். அந்த ஏற்ற இறக்கமும் உடம்பைச் சீண்டும்.

ஆரோக்கியமான உடம்பு இதையெல்லாம் தானே ஆற்றிக்கொள்ளும், இடைவெளி கொடுத்தால். ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்குவது, இரவு நித்திரை முழித்து இறங்குவது, சிகரெட், சாராயம், இதெல்லாம் அந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் போய்விட்டது. விற்றமின் சி பற்றிச் சொல்ல நினைத்தேன்: குரொயேசியாவில் செய்த ஆய்வில் கொஞ்சம் பலன் தெரிந்தது, அதை நம்பி ஆழத்தைக் கூட்ட வேண்டாம். மற்றது, மேலே வந்த பிறகு மூட்டு வலி, கால் விறைப்பு, சலம் போகாமை இருந்தால் ஆளைப் படுக்கவைத்து உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. சரியாகிவிடும் என்று திரும்பத் தண்ணிக்குள் இறக்காதீங்கோ. வணக்கம்.