கப் அடிச்சது ஜனக்பூர், தம்ப்நெயில் முழுக்க தவான்! நேபாள் லீக் முதல் சீசன்

வணக்கம் மக்களே! இன்னிக்கு கொஞ்சம் கடுப்போடதான் கேமராவ ஆன் பண்ணிருக்கேன். நேபாள் பிரீமியர் லீக் முதல் சீசன்னு தேடிப் பாருங்க, வர்ற வீடியோ பூரா ஷிகர் தவான் படம். தவான் பெரிய ஆளு, அதுல மாத்துக் கருத்தே கிடையாது. 2024 ஆகஸ்ட்ல ஓய்வு அறிவிச்சாரு, வருஷம் முடியறதுக்குள்ள கர்னாலி யாக்ஸ் சட்டையில வந்து நின்னாரு, லீக்குக்கு அது பெரிய விளம்பரம். ஆனா கப்பத் தூக்கினது யாரு? ஜனக்பூர் போல்ட்ஸ்! பொறந்த முதல் சீசன்லயே சாம்பியன். அந்த டீம் என்ன நிலைமையில ஜெயிச்சுதுன்னு தமிழ்ல உருப்படியா ஒருத்தரும் பேசல. அதனால இன்னிக்கு முழுக்க ஜனக்பூர்தான்.

நம்ம சேனல் பழைய ஆளுங்களுக்குத் தெரியும், நான் ஸ்கோர்கார்டுக்கு அப்புறமாத்தான் போவேன், மொதல்ல கிரவுண்டு. இந்த சீசனுக்கு கிரவுண்டு தெரியாம ஒண்ணுமே புரியாது.

கணக்கக் கேளுங்க. 8 டீம். ஆளுக்கு 7 லீக் ஆட்டம், ஆக 28. மேல பிளேஆஃப் 4. மொத்தம் 32 ஆட்டம். 2024 நவம்பர் 30 ஆரம்பம், டிசம்பர் 21 ஃபைனல். 22 நாள்ல 32 ஆட்டம். எத்தன மைதானத்துல? ஒண்ணே ஒண்ணு! காத்மாண்டுக்குப் பக்கத்துல, கீர்த்திபூர்ல இருக்கிற திரிபுவன் பல்கலைக்கழக மைதானம். போக்ரா அவெஞ்சர்ஸ், லும்பினி லயன்ஸ், சித்வான் ரைனோஸ், பிராட்நகர் கிங்ஸ், எல்லா ஊருக்கும் அதே இடம்தான். காத்மாண்டு கூர்க்காஸுக்கு மட்டும் அது சொந்த ஊரு மாதிரி.

அந்த 22 நாள் கிரவுண்டு ஸ்டாஃப் என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு யோசிங்க. காலையில ஒரு ஆட்டம், மதியம் ஒரு ஆட்டம். நடுவுல கிடைக்கிற கொஞ்ச நேரத்துல பவுலர் ஓடி வந்து கால் ஊன்றின குழிய ரொப்பணும், கிரீஸ் கோடு போடணும், உருளை ஓட்டணும். நடுவுல இருக்கிற சதுரத்துல பக்கம் பக்கமா எத்தன பிட்ச் இருந்தாலும், ஒண்ணுல ஆடிட்டு அத ஆற விட்டு அடுத்ததுக்குப் போறதுதான் முறை. இவ்வளவு நெருக்கமா ஆட்டம் வச்சா ஆற எங்க நேரம்? சாதாரணமா என்ன நடக்கும், மேல்மண்ணு தளர்ந்து, பந்து நின்னு நின்னு வரும், கடைசி வாரம் 130 ரன்னே மலையா இருக்கும். இங்க ஃபைனல்ல ரெண்டு டீமும் சேந்து 369 ரன்! 184 ஒரு பக்கம், 185 இன்னொரு பக்கம். 32-ஆவது ஆட்டத்துல! எனக்கு அந்த சீசன்ல தவான விட, ஜனக்பூருக்கு ஆடின நியூசிலாந்துக்காரர் நீஷம விட, அந்த மண்ணப் பராமரிச்சவங்கதான் ஹீரோ. அவங்களுக்குத் தனியா ஒரு பரிசு குடுத்திருக்கணும்னு நான் நெஜமாவே நம்புறேன்.

சரி, வெளிச்சம். அந்த முதல் சீசன்ல கீர்த்திபூர்ல ஃப்ளட்லைட் கிடையாது. இத லேசா எடுத்துக்காதீங்க. டிசம்பர் நடுவுல காத்மாண்டுல சூரியன் மறையறது அஞ்சு மணிக்குக் கொஞ்சம் மேல. ஆனா கீர்த்திபூருக்குத் தென்மேற்குல சந்திரகிரி மலை இருக்கு, 2,500 மீட்டருக்கு மேல உயரம். அந்த மாசத்துல சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும். அதனால பஞ்சாங்கத்துல போட்ட நேரத்துக்கு முன்னாடியே வெயில் மலைக்குப் பின்னால போயிடும். இப்ப டி20 கணக்குக்கு வாங்க. ஒரு இன்னிங்ஸுக்கு 85 நிமிஷம், ரெண்டுக்கு 170, இடைவேளை 20, ஆக 190 நிமிஷம். மூணு மணி நேரம் பத்து நிமிஷம். அது எல்லாம் ஒழுங்கா நடந்தா! ரெண்டு ரிவ்யூ, ஒரு காயம், பந்து ஒரு தடவ மரத்துக்குள்ள போச்சுன்னா அரை மணி நேரம் சாதாரணமா இழுக்கும். மதிய ஆட்டத்துக்கு மிச்சம் இருக்கிற நேரம் ரொம்பக் கம்மி.

வெளிச்சம் போனா அங்க என்ன ஆகும்ங்கிறதுக்கு நேபாள ரசிகர்கள்கிட்ட ஒரு பெரிய உதாரணமே இருக்கு. 2023 மார்ச் 16, இதே கீர்த்திபூர், ஐக்கிய அரபு அமீரகத்தோட ஒருநாள் ஆட்டம். நேபாளம் 311 அடிக்கணும். 44 ஓவர்ல 269-க்கு 6 விக்கெட். இருட்டிடுச்சு, நிறுத்திட்டாங்க. ஆட்டம் பாதியில நின்னா ஜெயிச்சது யாருன்னு சொல்ற டக்வொர்த் லூயிஸ் கணக்குல நேபாளம் 9 ரன்ல ஜெயிச்சு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குப் போச்சு. மரத்து மேலல்லாம் ஏறி உக்காந்து பாத்தாங்களே, அந்த ஆட்டம்தான். அதனால அந்த மைதானத்துல சேஸ் பண்ற கேப்டன் ஸ்கோர்போர்டயும் பாக்கணும், மலையையும் பாக்கணும்.

அய்யோ, நேரம்னு பேசினதும் ஞாபகம் வருது, முக்கியமான ஒண்ண விட்டுட்டேன். நேபாள மணி நம்ம இந்தியா, இலங்கை மணிய விட 15 நிமிஷம் முன்னால ஓடும். அவங்க அட்டவணையில 9:15-னு போட்டிருந்தா நமக்கு 9 மணி. இத மறந்துட்டு டிவியப் போட்டா பவர்பிளேல, அதாவது மொத ஆறு ஓவர்ல, மூணு ஓவர் போயிருக்கும். நேபாள நேரம்னு போட்டிருந்தா 15 நிமிஷம் கழிங்க. துபாய்ல இருக்கிறவங்க ஒண்ணேமுக்கால் மணி நேரம் கழிங்க. சிங்கப்பூர், மலேசியா மக்கள் ரெண்டேகால் மணி நேரம் கூட்டிக்கோங்க. எழுதி வச்சுக்கோங்க, அடுத்த சீசனுக்கும் இதே கணக்குதான்.

இப்ப ஜனக்பூருக்கு வருவோம். இது மாதேஷ் மாகாணத்தோட தலைநகரம். மைதிலி பேசற ஊரு, ஜானகி கோயில் இருக்கிற ஊரு, இந்திய எல்லைக்குப் பக்கம். பீகார் ஜெய்நகர்லேர்ந்து ரயிலே போகுது. பூரா சமவெளி, கடல் மட்டத்துலேர்ந்து 70 மீட்டர் சொச்சம்தான். கீர்த்திபூரோ 1,300 மீட்டருக்கு மேல. அந்த உயரத்துல காத்து அடர்த்தி கடல் மட்டத்த விட சுமாரா எட்டுல ஒரு பங்கு கம்மி. அப்போ என்ன ஆகும்? தூக்கி அடிச்ச பந்து இன்னும் சில மீட்டர் போகும். கீழ பவுண்டரிக் கோட்டுல பிடிபடற பந்து மேல கயிறத் தாண்டும். பவுலருக்கு எல்லாம் தலைகீழ். ஸ்விங் கம்மியாகும், ஸ்பின்னரோட பந்து காத்துல மிதந்து வளையறதும் கம்மியாகும். அதனால அங்க ஸ்பின்னர் காத்த நம்பி மெதுவாத் தூக்கிப் போட்டா வாங்கிக் கட்டிக்கணும். கொஞ்சம் வேகமா, ஸ்டம்புக்கு நேரா, பிட்ச்ச நம்பிப் போடணும். ஜனக்பூர்ல லலித் ராஜ்பன்ஷி மாதிரி கட்டுப்பாடான இடக்கை ஸ்பின்னர் இருந்தது எவ்வளவு பெரிய பலம்னு இதுலேர்ந்து புரியும்.

காலை ஆட்டம் இன்னொரு தினுசு. ராத்திரி பனி, மூட்டம், மண்ணுல ஈரம். மொத அஞ்சாறு ஓவர் தையல்ல பட்டு பந்து அங்க இங்க நகரும். வெயில் ஏற ஏற ஈரம் காஞ்சு பேட்டிங் சுலபமாகும். டாஸ் ஜெயிச்சவன் காலையில பவுலிங்க எடுத்தா சும்மா எடுக்கல. மதியம் எடுத்தா மட்டும் அந்த மலையப் பத்தி யோசிச்சிருக்கணும்.

இப்ப ரசிகர்கள் பக்கம். இதுதான் எனக்கு ரொம்ப ஆத்தாமையான விஷயம். ஜனக்பூர்லேர்ந்து காத்மாண்டுக்கு நேர் வழின்னா பர்திபாஸ் போய் பி.பி. நெடுஞ்சாலையப் பிடிக்கணும். பர்திபாஸ்லேர்ந்து காத்மாண்டுக்குப் பக்கத்துல இருக்கிற துலிகேல் வரைக்கும் மலைய வளைச்சு வளைச்சு ஏறும், சுமார் 160 கிலோமீட்டர். ஜப்பான் உதவியில கட்டி 2015-ல முடிச்ச ரோடு. 2024 செப்டம்பர் கடைசி வெள்ளத்துல ரோசி ஆத்தோரமா அந்த ரோடு பல இடத்துல அடிச்சிட்டுப் போச்சு. லீக் ஆரம்பிச்சது நவம்பர் 30. ரெண்டே மாசம்! அதாவது ஜனக்பூர் டீம் வாழ்க்கையில மொத ஆட்டம் ஆடறப்ப, ஜனக்பூர் ரசிகன் தன் டீமப் பாக்க வர்ற நேர் ரோடே உருப்படியா இல்ல. ஆத்துப் படுகையில தற்காலிகத் தடம், இல்லன்னா மேற்க ஹேடௌடா பக்கமா சுத்திக்கிட்டு வரணும், இல்லன்னா விமானம். விமானத்துல அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனா அது எல்லாருக்கும் கட்டுப்படி ஆகுமா? ஊருப் பேரு சட்டையில இருக்கு, ஊருக்காரன் டிவியில பாக்குறான். இது மாறணும். சித்வான்ல, பரத்பூர்ல கௌதம புத்தர் பன்னாட்டு மைதானம்னு 2019-ல வேலைய ஆரம்பிச்சாங்க, பணம் இல்லாம நின்னு நின்னு போச்சு. அது ஒண்ணு முடிஞ்சிருந்தாக்கூட பாதிப் பேருக்குப் பக்கமாயிருக்கும்.

பணம்னு சொன்னேன்ல, ஏலக் கணக்கப் பாத்துருவோம். உள்ளூர் ஆட்டக்காரர்கள மூணு தரமாப் பிரிச்சாங்க. அடிப்படை விலை ஏ தரத்துக்கு 10 லட்சம், பி-க்கு 5 லட்சம், சி-க்கு 2 லட்சம். எல்லாம் நேபாள ரூபா, அத மறக்காதீங்க! ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபா, இது ரொம்ப வருஷமா மாறாத நிலையான கணக்கு. அதனால 1.6-ஆல வகுங்க. ஏ தரம் நம்ம காசுல 6 லட்சத்து 25 ஆயிரம். சி தரம் 1 லட்சத்து 25 ஆயிரம். ஐபிஎல்ல 2025 ஏலத்துல ஆகக் குறைஞ்ச அடிப்படை விலையே 30 லட்சம். அந்தக் காசுக்கு அங்க சி தரத்துல 24 பேர அடிப்படை விலைக்கு எடுக்கலாம். நேபாள உள்ளூர் ஆட்டக்காரனுக்கு அந்த 2 லட்சம் சின்னக் காசில்ல, ஆனா ஆடற தரத்துக்கு அது பத்தாது. இன்னும் ஏத்தணும், ஏத்துவாங்கன்னு நம்புறேன்.

டீமுக்குள்ள வாங்க. கேப்டன் அனில் சா. கூட விக்கெட் கீப்பர் ஆசிஃப் ஷேக், மாதேஷ் மாகாணத்து பீர்கஞ்ச் பையன். இவரப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 2022 பிப்ரவரி, ஓமன்ல அயர்லாந்தோட ஆட்டம். ரன் ஓடறப்ப ஆண்டி மெக்பிரைன் பவுலர் மேல மோதி விழுந்துட்டாரு. பந்து ஆசிஃப் கையில, ஸ்டம்ப் மேல இருக்கிற பெயில்ஸத் தட்டினா அவுட். தட்டல! அதுக்குத்தான் ஐசிசி-யோட 2022 கிரிக்கெட் உணர்வு விருது கெடச்சுது. எனக்கு இந்த ஆளு ரொம்பப் பிடிக்கும், நான் மறைக்கல. வெளிநாட்டு வரிசையில ஜிம்மி நீஷம் இருந்தாரு, 2019 உலகக் கோப்பை ஃபைனல் சூப்பர் ஓவர்ல ஆர்ச்சர சிக்ஸ் அடிச்சாரே, அவரேதான். அப்புறம் இலங்கைக்காரர் லஹிரு மிலந்தா.

ஃபைனலுக்கு எதிரணி சுதுர்பஸ்சிம் ராயல்ஸ். கேப்டன் தீபேந்திர சிங் ஐரி, 2023 ஆசிய விளையாட்டுல மங்கோலியாவ 9 பந்துல அரைசதம் அடிச்ச ஆளு. லீக் சுத்துல பட்டியல்ல மேல இருந்த டீமும் அதுதான். மொத பேட்டிங் பண்ணி 184 எடுத்தாங்க. ஜெயிக்க 185, ஓவருக்கு 9.25. ஃப்ளட்லைட் இல்லாத மைதானம், டிசம்பர் 21, வருஷத்துலயே பகல் குறைஞ்ச நாள்! ஃபைனல வேற நாள் வச்சிருந்தா ஒண்ணும் குறைஞ்சிருக்காதுன்னு எனக்குத் தோணுது, அது வேற கத.

மிலந்தா 87 அடிச்சாரு. எல்லாரும் இந்த 87-ஓட நிறுத்திடறாங்க. நீங்க மிச்சத்தப் பாருங்க. 185-லேர்ந்து 87 போனா 98. எக்ஸ்ட்ராவையும் சேத்து மத்தவங்க கொண்டு வந்தது அந்த 98. ஒருத்தர் ஒரு முனையப் பிடிச்சிக்கிட்டா, இன்னொரு முனையில வர்றவன் 10 பந்துல 15, 8 பந்துல 14-னு எடுத்தாப் போதும், 9.25 தானா வந்துரும். ரெண்டு முனையிலயும் அடிக்கப் போனா ஆறாவது ஓவர்லயே மூணு விக்கெட் போய் 9.25-ங்கிறது 11 ஆயிரும். அனில் சா டீம் அந்தப் பொறியில விழல. கடைசி ஓவர்ல, 5 விக்கெட் மிச்சம் வச்சு முடிச்சாங்க. இந்த சேஸ நான் எந்தப் பெரிய லீக் ஃபைனலுக்குப் பக்கத்துலயும் வைப்பேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இந்த லீக்குக்கு முன்னாடி 2022-23-ல நடந்த நேபாள் டி20 லீக் சம்பள பாக்கி, சூதாட்டச் சந்தேகம்னு பேரக் கெடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் வந்த லீக் இது. சனங்க திரும்பக் கூட்டங்கூட்டமா வந்து நின்னதுக்கு ஆட்டத்தோட தரம்தான் காரணம்.

2025-ல ரெண்டாவது சீசன்ல கீர்த்திபூருக்கு ஃப்ளட்லைட் வந்தாச்சு, ராத்திரி ஆட்டமும் நடந்துச்சு. கப்பு லும்பினி லயன்ஸுக்கு, ஃபைனல்ல தோத்தது மறுபடியும் அதே ராயல்ஸ், பாவம். விளக்கு வந்ததால இன்னிக்கு நான் சொன்ன மலைக் கணக்கு போச்சு, பதிலா ராத்திரிப் பனி வந்திருக்கு. ஈரப் பந்துல ஸ்பின்னருக்குப் பிடி நிக்காது, டாஸ் கணக்கே மாறும். அத அடுத்த வீடியோல ஓவர் ஓவராப் பாப்போம், ரெண்டு சீசன் பவர்பிளே ஸ்கோரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு. அதுவரைக்கும் ஜனக்பூர் ஃபைனல் ஹைலைட்ஸப் பாக்காதவங்க பாத்துட்டு வந்துருங்க, மிலந்தா ஆடறப்ப எதிர்முனையில நிக்கிறவன் என்ன பண்றான்னு பாருங்க.