ஆபத்துக்குப் பாவமில்லை

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வர்த்தகர் சங்கச் செயலாளர் அவர்களே, தமிழாசிரியை அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நீதிபதி ஐயா காய்ச்சலோடு வந்திருக்கிறார். அவருக்குத் தனி நன்றி.

ஜப்பானியத் துணைத் தூதர் சியூனே சுகிஹாராவின் வாழ்க்கையை இளமை, கௌனாஸ், போருக்குப் பின் என்று மூன்று பகுதியாகப் பேசப் போகிறேன். 1900இல் பிறந்தவர், ஹார்பினில் ரஷ்ய மொழி படித்தவர். சரி, லித்துவேனியாவில் அவர் வேலை பார்த்த கௌனாஸ் நகருக்கு வருவோம்.

1940 ஜூலை. லித்துவேனியா சோவியத் பிடியில். தூதரகங்களை மூட உத்தரவு வந்தாயிற்று. ஒரு நாள் காலையில் பார்த்தால் தூதரக வாசலில் பெருங்கூட்டம்! போலந்திலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்கள், கைக்குழந்தைகளோடு. கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவுக்கு விசா தேவையில்லை என்று டச்சுத் துணைத் தூதர் ஸ்வார்டெண்டைக் எழுதித் தந்திருந்தார். அதைக் காட்டி ஜப்பான் வழியாகப் போக அனுமதி கேட்கிறார்கள். சுகிஹாரா டோக்கியோவுக்குத் தந்தி அடித்தார், மூன்று முறை. கையில் பணமும் போகும் நாட்டின் அனுமதியும் இல்லாதவருக்குக் கொடுக்கக் கூடாது என்றே பதில். மனைவி யுகிகோவிடம் பேசினார். அப்புறம் எழுத உட்கார்ந்துவிட்டார். ஆபத்துக்குப் பாவமில்லை, ஐயா!

விசாக்களைக் கையால் எழுதினார். ராத்திரி யுகிகோ அம்மையார் அந்தக் கையைப் பிடித்துவிடுவார். விடிந்தால் மறுபடி பேனா. தூதரகத்தை மூடிய பிறகு ஓட்டலில் எழுதினார். செப்டம்பரில் ரயில் ஏறியவர், ஜன்னல் வழியாகவும் எழுதி நீட்டினார். அவருடைய விசாப் பட்டியலில் 2139 பெயர்கள். ஒரே விசாவில் குடும்பமே போனதும் உண்டு.

1947இல் ஊர் திரும்பியவரை வெளியுறவுத் துறை ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டது. இங்கேதான் என் மனம் கொதிக்கிறது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நாம் சொல்கிறோம், அலுவலகக் கோப்பு அப்படிச் சொல்வதில்லையே! வாரிசுச் சான்றுக்கு நடையாய் நடக்கும் விதவைக்கு இரக்கப்பட்டு ஓர் அதிகாரி உடனே கையெழுத்துப் போட்டால் அவர் தலை தப்புமா? கோப்பை ஒரு வருஷம் அமுக்கி வைத்தவரை யாராவது கேட்கிறார்களா? அதனால்தான் சேவை உரிமைச் சட்டம் கேட்கிறோம். மனுவுக்குக் கெடு, தாமதித்தால் அபராதம், நல்லெண்ணத்தில் கையெழுத்திட்டவருக்குப் பாதுகாப்பு. நகர்மன்றத் தலைவர் அவர்கள் வரும் கூட்டத்திலேயே இதற்குத் தீர்மானம் போட வேண்டும் என்று மேடையில் வைத்தே கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் பகுதியை முழுதாகச் சொல்ல நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். கையெழுத்து நோட்டு தமிழாசிரியை அம்மாவிடம் இருக்கிறது. போகும்போது பெயரோடு கதவு எண்ணையும் எழுதுங்கள்.