ஆனைக்கும் அடி சறுக்கும்

(ஒஸ்லோவில் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் விளையாட்டு விழா மாலையில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகரப் பகுதி மன்ற உறுப்பினர் அவர்களே, பாடசாலை நிர்வாகி அவர்களே, இந்தப் பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து கூடவே நிற்கும் மூத்த ஆசிரியை அக்கா அவர்களே, காலையிலிருந்து மைதானத்தில் கால்கடுக்க நின்ற நடுவர் தம்பிமாரே, இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்த தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய மன்ற உறுப்பினர் நம் பிள்ளைகளின் காடோடும் திறமையைப் பாராட்டியது மனதுக்கு நிறைவாக இருந்தது. அவருக்கு என் தனிப்பட்ட நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும்.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டுக்குள் இடம் தேடி ஓடும் ஓரியன்டரிங் போட்டியில் வரைபடத்தில் நேரும் பிழை, போஸ்ட், அதாவது ஓடுபவர் தேடிப் போக வேண்டிய இடத்தில் தொங்கும் கொடி, அதை வைப்பதில் நேரும் பிழை, பிழை நடந்த பின் நடுவர் குழு செய்ய வேண்டியது.

இந்த விளையாட்டின் முதல் பொதுப் போட்டி 1897 ஒக்டோபர் 31 அன்று இந்த ஒஸ்லோவுக்குப் பக்கத்துக் காட்டில்தான் நடந்தது. ச்சால்வே என்ற கழகம் நடத்தியது. 19.5 கிலோமீற்றர் தூரத்துக்கு மூன்றே மூன்று போஸ்ட். இன்று இரண்டு கிலோமீற்றர் ஓடும் பிள்ளைக்கே எட்டு, பத்துப் போஸ்ட் இருக்கிறது. அத்தனையும் யாரோ ஒருவர் காட்டுக்குள் நடந்துபோய்த் தொங்கவிட்டவை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நம் ஆட்கள் சொல்வது உண்மைதான், ஒரு கொடி இடம் மாறலாம்.

என் மருமகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்த நாட்டில் பதினொரு வயதாகும் ஆண்டுக்கு முன் பிள்ளைகளை வரிசைப்படுத்தி முடிவு போடக் கூடாது என்பது விதி. ஆகவே, இடம் போட்டுப் பெயர் வரும் போட்டிகள் அவளுக்குப் புதிது. முதல் நாள் இரவே சப்பாத்தை வாசலில் எடுத்து வைத்துவிட்டாள். ஒஸ்ட்மார்க்கா காட்டுப் பக்கம் போட்டி, காலையில் தூறல். முதல் மூன்று போஸ்ட்டும் நேரே போய் எடுத்திருக்கிறாள். நான்காவது, பெரிய பாறையின் கிழக்குப் பக்கம். போனாள். பாறை இருக்கிறது, கொடி இல்லை. மூன்றாவது போஸ்ட்டுக்கே திரும்பிப் போய்த் திசைகாட்டியை வைத்து மறுபடி வந்தாள். அதே பாறை. பாதைச் சந்தியிலிருந்து அடி எண்ணி வந்தாள். அதே பாறை. பிறகு ஒரு பையன் வந்தான், பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள், எல்லோரும் அந்தப் பாறையையே சுற்றினார்கள். ஒரு சிறுமி அழத் தொடங்கிவிட்டாள். என் மருமகள் தன்னுடைய வரைபடத்தைக் காட்டி அவளைத் தேற்றியிருக்கிறாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து வடக்கே எழுபது மீற்றர் தள்ளி, வேறொரு பாறையிலிருந்து ஒருவன் கத்தினான். அங்கேதான் கொடி தொங்கியது. கொடியின் எண் சரி, பாறைதான் பிழை. அதற்குப் பின் வந்த பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்து நேரே அங்கே போய்விட்டார்கள்.

முறைப்பாடு செய்தோம். அந்தக் கழகத்தின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். போய்ப் பார்த்தார்கள், பிழை என்று ஒத்துக்கொண்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். ஒவ்வொரு போஸ்ட்டிலும் மின் அட்டையில் நேரம் பதிவாகிறதே, மூன்றாவதிலிருந்து நான்காவது போஸ்ட் வரையான அந்த ஒரு துண்டு நேரத்தை எல்லோருக்கும் கழித்துவிட்டு முடிவை ஒட்டினார்கள். இவளுக்கு ஒன்பதாம் இடம். பக்கத்தில் நின்ற நண்பர் என் தோளைத் தட்டி, "ஆனைக்கும் அடி சறுக்கும்தானே, விடுங்கோ" என்றார். நானும் விட்டுவிட்டேன். காரில் பாதித் தூரம் அவள் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "மாமா, அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைக் கழிச்சிட்டினம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு போஸ்ட்டிலும் இது சரியா பிழையா எண்டு பயந்து பயந்து நிண்டனே, அதை ஆர் கழிக்கிறது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு நிமிடம் ஓடித் தேடியவள் களைத்துப்போனாள். அதே நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தவன் இளைப்பாறிவிட்டான். பாதியில் மனம் உடைந்து வீடு போன பிள்ளை பட்டியலிலேயே இல்லை. கழித்தல் கணக்கு இவர்கள் மூவரையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஆகவே, போஸ்ட் இடம் மாறி அது முடிவைப் பாதித்திருந்தால், அந்தப் பாதையில் ஓடியவர்களின் இட வரிசையை ரத்துச் செய்ய வேண்டும் என்கிறேன். அந்தப் போஸ்ட்டுக்குப் போகாத மற்றப் பாதைகளின் முடிவு அப்படியே இருக்கட்டும். முதலாவதாக வந்த பிள்ளைக்கு இது வலிக்கும், எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளையிடம் ஒரு பெரியவர் நேரில் போய்ப் பேச வேண்டும். ஒட்டிய தாளில் அறிவித்தால் போதாது.

சரி, இதெல்லாம் சறுக்கிய பின் செய்வது. சறுக்கும் என்று தெரிந்துதானே ஆனையும் காலை வைத்துப் பார்த்து நடக்கிறது? கொடி வைத்தவர் எத்தனை தரம் திரும்பிப் போனாலும் அதே பாறைக்குத்தான் போவார், அதுதான் சரி என்று அவர் கண் நம்பிவிட்டது. போட்டிக்கு முன் வேறொருவர், வெறும் வரைபடத்தோடு போய் ஒவ்வொரு போஸ்ட்டையும் தேடிப் பார்க்க வேண்டும். பெரிய போட்டிகளில் அதற்கென்றே ஆள் உண்டு. பிள்ளைகளின் சின்னப் போட்டிகளில் ஆளில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

ஏன் ஆளில்லை? நாம் காருக்குள் இருக்கிறோம். பிளாஸ்கில் தேநீரோடு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பல வருடம் நானும் இருந்தேன். நோர்வேக்காரர் டுக்னாட், அதாவது கூலியில்லாக் கூட்டு வேலை, என்று சொல்லி வாரம் முழுக்க உழைக்கிறார்கள், அந்த உழைப்பில்தான் நம் பிள்ளைகள் ஓடுகிறார்கள். மொழி சரளமாக வராது என்று தயங்கும் அண்ணைமாரே, அக்காமாரே, வரைபடத்துக்கு மொழி வேண்டாம். பழுப்புக் கோடு மேடு, நீலம் தண்ணீர், கறுப்புப் புள்ளி பாறை. ஒரு மாலையில் நான் சொல்லித் தருவேன்.

தலைவர் நேரம் காட்டுகிறார். வரைபடப் பிழையை இன்னொரு நாள் பேசலாம். நடுவர் குழுவைப் பற்றி ஒன்று மட்டும்: சர்வதேசப் போட்டிகளில் முறைப்பாட்டுக்குப் பதில் வந்த பின் மேன்முறையீடு செய்யப் பதினைந்து நிமிடம்தான். பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

தேநீர் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வருகிற பருவத்தில் நம் பிள்ளைகள் ஓடும் ஆறு போட்டிகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் மாலை காட்டுக்குள் நடக்க இரண்டு பெயர் வேண்டும். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன், பேனாவும் அங்கேயே இருக்கிறது. வணக்கம்.