தொடை இடுக்கு வழியாகப் பெருந்தமனிக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளை, பாறசாலை பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் நிறைய. சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப் போய், ‘பெருந்தமனியில் வீக்கம்’ என்ற ரிப்போர்ட்டோடு பதறிப்போய் வருகிறவர்களும் உண்டு. பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். அதுவரை வலி, கிலி எதுவும் இருந்திருக்காது.

வயிற்றுக்குள் இந்தக் குழாயின் குறுக்களவு சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ. ஆகிவிட்டால் வீக்கம் என்போம். பொதுவாக ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. வரும்வரை ஸ்கேன் பார்த்து வந்தால் போதும். வலி வந்தாலோ மளமளவென்று வளர்ந்தாலோ காத்திருக்கக் கூடாது. வெடித்துவிட்டால் பிழைப்பது கஷ்டம். 1955இல் ஐன்ஸ்டைன் இறந்தது இப்படித்தான்.

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும். இன்றும் சிலருக்கு அதுதான் சரி. 1987இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் டாக்டர் வோலோடோஸ் நெஞ்சுப் பகுதியிலும், 1990இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் டாக்டர் பரோடி வயிற்றுப் பகுதியிலும் ரத்தக் குழாயின் உள்வழியாகவே சரிசெய்து காட்டினார்கள்.

தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக ஒரு கம்பி மேலே போகும். அதன்மேல் மெல்லிய குழாய்; அதற்குள் மடக்கி வைத்த ஸ்டென்ட் கிராஃப்ட். உலோக வலையில் பாலியெஸ்டர் துணி தைத்தது, கால்சட்டை மாதிரி கீழே இரண்டு கால். சாயம் செலுத்தி எக்ஸ்ரே திரையில் பார்த்தால் சிறுநீரகத் தமனிகள் தெரியும். அவற்றுக்குக் கீழே, துணி அவற்றின் வாயை அடைக்காதபடி ஸ்டென்ட்டை விரித்துவிட வேண்டும். ஒருசில மில்லிமீட்டர்தான் இடைவெளி. அறையில் அப்போது யாரும் பேசமாட்டோம்.

பெரும்பாலானோர் சில நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். என் கவலை அதற்கு அப்புறம்தான். ‘ஓட்டை போட்டுதானே செஞ்சாங்க, சரியாயிட்டு’ என்று வராமலே இருந்துவிடுகிறார்கள். துணியைத் தாண்டி ரத்தம் பழைய வீக்கத்துக்குள் கசியலாம். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு மாதத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் வருஷாவருஷம், ஆயுள் முழுக்க. பீடி, சிகரெட்டை அறவே விட வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அதைப்போல எதிரி வேறில்லை.

அறுபத்தைந்து தாண்டிய, பீடி பழக்கமுள்ள ஆண்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இது இருந்தவர்கள், வயிற்றை ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் எல்லைக்கு எந்தப் பக்கம் எந்த டாக்டரிடம் போனாலும் பழைய சிடியையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். வீக்கம் சுருங்கியதா, பெருத்ததா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.