அளக்க ஆள் வேண்டும்

(திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பு மாணவர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

சுற்றுச்சூழல், காலநிலை என்று படிக்கப் போகிற பிள்ளையிடம் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்பதுதான். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. பூமி சூடாகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த நேரத்தில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

காலநிலை வேலை என்று தனியாக ஒரு நாற்காலி எந்த அலுவலகத்திலும் இருக்காது. ஆனால் காற்றை யாராவது அளக்க வேண்டும். மழையை, கடல் நீரின் சூட்டை, ஆலை எரிக்கிற மின்சாரத்தை, உப்பளத்தில் நிற்கிற பெண்ணின் உடம்புச் சூட்டை யாராவது அளக்க வேண்டும். அந்த அளவை வைத்து ஆட்சியரோ பொறியாளரோ முதலாளியோ ஒரு முடிவெடுக்க வேண்டும். இந்தத் துறையில் இருக்கிற வேலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

அன்னா மணியை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பெங்களூருவில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளியை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். லண்டனுக்குப் போனார். இயற்பியல் படிக்கத்தான் ஆசை. அங்கே கிடைத்ததோ வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி. 1948-இல் திரும்பி வந்து புணேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று அவர் தொகுத்த இரண்டு பெரிய நூல்கள் 1980-இலும் 1981-இலும் வந்தன. ஓய்வு பெற்ற பிறகு, நாடு முழுக்கக் காற்றின் வேகத்தை அளக்கும் வேலையில் இறங்கினார். இன்றைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றுகிற காற்றாலைகளுக்கு முன்னால் இப்படிப்பட்ட அளவீடுகள் இருக்கின்றன. முனைவர் பட்டம் கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. இதை எந்த மேடையில் சொன்னாலும் எனக்கு மனசு வலிக்கிறது.

சரி, அந்தக் காற்றாலையிலிருந்தே தொடங்குவோம். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் தூத்துக்குடி பக்கம் வந்தது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். அப்புறம் 250 கிலோவாட் இயந்திரங்கள் வந்தன. இப்போது நிறுவுபவை இரண்டு, மூன்று மெகாவாட், அதாவது இரண்டாயிரம், மூவாயிரம் கிலோவாட். காற்று நன்றாக வீசுகிற முதல்தர இடங்களையெல்லாம் பழைய சின்ன இயந்திரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை இறக்கிவிட்டுப் பெரியவற்றை நிறுத்துவதற்கென்றே 2024-இல் தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. இதில் எத்தனை வேலை இருக்கிறது என்று பாருங்கள். காற்றை மறுபடி கணக்கிட வேண்டும். உயரம் கூடினால் பறவைகளுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். இறக்கிய இறக்கைகளை என்ன செய்வது? கண்ணாடி இழையும் பிசினும் கலந்து செய்தவை அவை, எளிதில் உருக்கவோ மறுபடி பயன்படுத்தவோ முடியாது. வேதியியல் படிக்கிறவர்களுக்கு இது முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுந்த கேள்வி. தேசிய காற்றாற்றல் நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. அதன் காற்றாலைச் சோதனை நிலையம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், கயத்தாறில்.

அடுத்து மழை. 2023 டிசம்பர் 17, 18-ஐ இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற சராசரி மழையையே மிஞ்சிய அளவு அது. குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. இந்திய வானிலைத் துறை 1901 முதலான தினசரி மழை அளவுகளை, நாட்டின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளம், 25 கிலோமீட்டர் அகலம். காயல்பட்டினம் மாதிரி ஓரிடத்தில் குவிந்து கொட்டிய மழை அந்தக் கட்டத்தின் சராசரியில் கரைந்துபோகும். அப்படியானால் எந்தக் குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல, தாமிரபரணிப் படுகையில் எங்கெங்கே மழைமானி வைக்க வேண்டும்? ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிற வரிசை இன்றைக்கு எங்கெங்கே அறுந்திருக்கிறது? புவியியல், கட்டடப் பொறியியல், கணினி, வரலாறு எது படித்தாலும் இந்தக் கேள்வியில் உங்களுக்கு இடம் இருக்கிறது. குளங்களைப் பழுதுபார்த்த பழைய மராமத்து ஆவணங்களைப் படித்துப் புரிந்துகொள்ள வரலாற்று மாணவர் இல்லாமல் முடியாது.

கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. முன்னொரு காலத்தில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, அலையின் வேகத்தை உடைக்கும் செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கினார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீருக்குள் மூழ்கிப் பவளங்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். 2010-லும் 2016-லும் கடல் சூட்டில் பவளங்கள் வெளுத்தது நமக்குத் துல்லியமாகத் தெரிகிறதென்றால் அந்தக் கணக்கெடுப்பால்தான்.

கரையில் உப்பளம். இதை நான் அவசரமாகக் கடக்க விரும்பவில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உப்பளத் தொழிலாளர்களின் உடலில் வெப்பம் என்ன செய்கிறது, சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று எப்படி நிறுவுவது? வேலை செய்த இடத்தில் அன்றைக்கு வெயில், ஈரப்பதம், காற்று மூன்றும் எவ்வளவு இருந்தன என்று யாரும் எழுதி வைக்காவிட்டால் அந்தக் குடும்பத்தின் கையில் என்ன சான்று இருக்கும்? சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், சட்டம் படிக்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வாருங்கள்.

நிறுவன வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி, அதாவது பொருளைச் செய்யும்போது வெளியேறிய கார்பனுக்கு ஏற்ப இறக்குமதியின் மேல் போடும் வரி, 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது என்று கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் இந்த நிறுவனங்களுக்கு வேண்டும். சம்பளம் நன்றாகவே இருக்கும். மத்திய அரசின் ஆற்றல் திறன் செயலகம் (பி.இ.இ.) நடத்தும் ஆற்றல் தணிக்கையாளர் தேர்வை எழுதுங்கள், அதற்கு மதிப்பு உண்டு. ஒரே வாரத்தில் 'காலநிலை வல்லுநர்' ஆக்குகிறோம் என்று பெரும் பணம் கேட்கிற சான்றிதழ் வகுப்புகளில் மட்டும் அப்பா அம்மா காசைக் கொட்டாதீர்கள்.

ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு: நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 முதல் இதுதான் அளவு. பணம் மாதாமாதம் ஒழுங்காக வராமல் தவிக்கிற ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்க மாட்டேன். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 40 இளைஞர்களை மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த அறிவிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு இளங்கலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். நம் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. வெளிநாட்டில் முதுகலை படிக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டம் இருக்கிறது. முழு உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு தங்கும் செலவையும் பார்த்துக்கொள்வார்கள்.

இங்கே வந்ததும் ஒரு தங்கை கேட்டார்: "எனக்கு ஆங்கிலம் சரியா வராது சார், நான் இதுக்குள்ள வர முடியுமா?" முடியும், அம்மா. ஆய்வுக் கட்டுரை எழுத ஆங்கிலம் வேண்டும், அதைப் படிக்கப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். உப்பளத்துப் பெண்ணிடம் பேசவும், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியிடம் மறுகால் எங்கே என்று கேட்கவும், கேட்டதை ஊராட்சித் தலைவருக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுதவும் உங்கள் தமிழ் வேண்டும். அந்தத் திறமை உள்ளவர்கள் ஆய்வுக்கூடங்களில் மிகவும் குறைவு. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் தாமிரபரணிக் குளங்களில் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பறவை தெரியாதவர்களையும் சேர்த்துக்கொண்டு சொல்லித் தருவார்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுங்கள்.