பதினோரு லட்சம் படைவீரர் இருந்தும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இரண்டாம் நாளாகமம் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். "துதித்தார்கள், சத்துரு விழுந்தான்" என்று 22-ஆம் வசனத்தை மட்டும் எடுத்துப் பிரசங்கித்துவிட்டுப் போவது நமக்குப் பழகிப்போயிற்று. அதற்கு முன்னால் 21 வசனங்கள் இருக்கின்றன, பின்னால் 15.

மோவாபியரும் அம்மோனியரும் எங்கேதிக்கே வந்துவிட்ட பிறகுதான் யூதாவின் ராஜா யோசபாத்துக்குச் செய்தி கிடைக்கிறது. எங்கேதி சவக்கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து எருசலேம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ராஜா பயந்தார் என்று வேதம் ஒளிக்காமல் சொல்கிறது.

படை இல்லாமலா பயந்தார்? 17-ஆம் அதிகாரத்தைக் கூட்டிப் பாருங்கள். யூதாவில் 3,00,000, 2,80,000, 2,00,000. பென்யமீனில் 2,00,000, 1,80,000. ஆக 11,60,000 பேர். அவர்தான் எங்களுக்குப் பெலனில்லை என்று ஜெபிக்கிறார். இது மேடைத் தாழ்மை அல்ல. இஸ்ரவேலின் ராஜா ஆகாபோடு ராமோத் கீலேயாத்துக்கு யுத்தம்பண்ணப் போய் மயிரிழையில் உயிர்தப்பியவர் அவர். படையை நம்பினால் என்ன ஆகும் என்பதை அங்கேயே பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஜெபத்தைக் கவனியுங்கள். எகிப்திலிருந்து வந்தபோது இஸ்ரவேலர் சேயீரையும் மோவாபையும் அம்மோனையும் தாக்கக் கூடாது என்று கர்த்தரே தடுத்தார். உபாகமம் 2-இல் வாசிக்கிறோம். அன்று விட்டுவைத்தவர்களே இன்று எங்களைத் துரத்த வருகிறார்கள், நீர் நியாயம் தீர்க்கமாட்டீரா என்று யோசபாத் வழக்கை எடுத்து வைக்கிறார். சத்துருவைப் பார்த்து ஒரு வார்த்தைகூட இல்லை! நம் ஜெபக்கூட்டங்களில் பாதி நேரம் பிசாசோடு பேசுவதிலேயே போய்விடுகிறது.

பதில் ஆசாப்பின் வம்சத்து லேவியனாகிய யகாசியேல் மூலம் வருகிறது. யுத்தம் தேவனுடையது என்று சொன்ன அதே வாய், நாளைக்குப் போங்கள் என்கிறது. அவர்கள் சிஸ் மேட்டுவழியாக ஏறி வருவார்கள், யெருவேல் வனாந்தரத்துக்கு முன்னே பள்ளத்தாக்கின் கடைசியில் சந்திப்பீர்கள் என்று இடமும் குறிக்கப்படுகிறது. சண்டை போட வேண்டியதில்லை, ஆனால் அங்கே போய் நிற்க வேண்டும். ஜனங்கள் அதிகாலையில் எழுந்து தெக்கோவா வனாந்தரத்துக்குப் புறப்பட்டார்கள்.

பாடகர்கள் இதற்குப் பிறகுதான் வருகிறார்கள். ராஜா ஜனங்களோடு ஆலோசனை பண்ணி அவர்களைப் படைக்கு முன்னே நிறுத்துகிறார். வாக்குத்தத்தம் முதலில், பாட்டு அடுத்து. வாக்கைக் கேட்டவர்கள் அதை நம்பியதால் பாடினார்கள். இந்த வரிசையைப் புரட்டிப்போட்டால் துதி ஒரு மந்திரமாகிவிடும். இத்தனை மணி நேரம் துதித்தால் கட்டு உடையும் என்று கணக்குச் சொல்வார்கள். நோய் தீராவிட்டால், "உன் துதி போதவில்லை" என்று வியாதியஸ்தர் தலையிலேயே பழியைப் போடுவார்கள். ஏற்கெனவே நொந்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கொடுமை வேண்டாம்.

சத்துருக்கள் விழுந்த விதமோ விசித்திரமானது. அம்மோனும் மோவாபும் சேர்ந்து முதலில் தங்களோடு வந்த சேயீர் மலையாரை வெட்டினார்கள், பிறகு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். யூதாவின் பட்டயம் உறையை விட்டு வெளியே வரவில்லை. தீமை தன் கையாலேயே அழிவதை வேதம் இங்கே காட்டுகிறது. சிலுவையிலும் அதுதான் நடந்தது. இந்த உலகத்தின் பிரபுக்கள் தேவஞானத்தை அறிந்திருந்தால் மகிமையின் கர்த்தரைச் சிலுவையில் அறைந்திருக்கமாட்டார்கள் என்று பவுல் 1 கொரிந்தியர் 2:8-இல் எழுதுகிறார். கொலோசெயர் 2:15-இன்படி, துரைத்தனங்கள் எனப்படும் தீய அதிகாரங்களின் ஆயுதங்கள் உரியப்பட்ட இடம் அந்தச் சிலுவையே.

கொள்ளையைச் சேர்க்கவே மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் பெராக்கா பள்ளத்தாக்கில் ஸ்தோத்திரம். பிறகு வாத்தியங்களோடு நேராகக் கர்த்தருடைய ஆலயத்துக்கு வந்தார்கள்.

பலர் இங்கே வேதத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். 33-ஆம் வசனத்தில், ஜனங்கள் பலியிட்டு வழிபட்ட மேடைகள் இன்னும் தகர்க்கப்படவில்லை. 35-இல் அதே யோசபாத், ஆகாபின் மகன் அகசியாவோடு கூட்டுச் சேருகிறார். தர்ஷீசுக்கு அனுப்ப எசியோன்கேபேரில் கப்பல்கள் கட்டுகிறார்கள். எலியேசர் என்ற தீர்க்கதரிசி கண்டித்தார். கப்பல்கள் உடைந்துபோயின, ஒன்றுகூடத் தர்ஷீசுக்குப் போகவில்லை.